ஒரே படகில் ஏற்றிவிட்ட மாப்பிள்ளைக்கு

கியாக்டடா, யாங்கோன்
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சுரேந்திரன் அவர்களுக்கு மாமனார் மாரிச்சாமி எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகள் ரேவதியும் என் பேத்தியும் சிங்கப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் தெரு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் தங்கள் மாமியார் ஜெயம்மாவும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன். தாங்கள் அதை நம்ப வேண்டிய அவசியமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோபமாக இருக்கிறேன். மாப்பிள்ளையைக் கோபித்துப் பேசுவது நம் வழக்கத்தில் இல்லை, பெண்ணைக் கொடுத்தவன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், எனக்கும் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தில் மரியாதை எங்கேயும் குறையாது. கோபமும் குறையாது. இரண்டையும் ஒன்றாக எப்படிக் கொண்டுபோவது என்று பத்து நாளாக யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் "மாப்பிள்ளை, நீங்க செஞ்சது" என்று ஆரம்பிப்பதற்குள் ரேவதி பிடுங்கிக்கொண்டு, "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்கிறாள். அவள் ஓய்ந்ததும் இங்கே கரண்ட் போய்விடுகிறது. பர்மிய மொழியில் எழுதலாம் என்றால் அதில் எனக்குக் கோபம் வராது. முப்பத்தோரு வருடம் துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதி எழுதி, அந்த மொழியில் எனக்குப் பணிவு மட்டும்தான் வரும். அதனால் தமிழில், காகிதத்தில். வெள்ளிக்கிழமை மிங்கலாடோனில் விமானம் ஏறுகிற தங்கமணி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் தங்கள் வீட்டுக்கே வந்து தருவார். அவருக்கு ஒரு டீ கொடுங்கள், அவர் பேரில் எனக்குக் கோபமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத ஆரம்பத்தில் தாங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "மாமா, பாப்பாவுக்கு அடுத்த மாசம் நாலாந்தேதி யாங்கோன்ல வந்து காது குத்தறோம். ரேவதி ஒரே பொண்ணு, மடியில வச்சுக்கத் தாய்மாமன் இல்ல. அதனால நீங்களும் அப்பாவும் ஒரே பாயில உக்காந்து பிள்ளையைப் புடிச்சுக்கணும். ரெண்டு பேரும் பேசாம இருக்கறதா இருந்தா நாங்க வரல, இங்கயே கடையில குத்திக்கிறோம்" என்றீர்கள். கடையில் எப்படிக் குத்துவார்கள் என்று விசாரித்தேன். துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து டக்கென்று அடித்து அனுப்பிவிடுவார்களாம். பர்மியர் வீட்டில்கூடப் பெண்பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தெருவையே கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். என் பேத்திக்குத் துப்பாக்கியா? சரி, பேத்தி வர வேண்டுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கள் தகப்பனார், என் சம்பந்தி வைத்திலிங்கம் அவர்களோடு நான் மூன்று வருடமாகப் பேசுவதில்லை என்பது ஊர் அறிந்தது. ஏன் என்பது எனக்கும் ஜெயம்மாவுக்கும் மட்டும் தெரியும். இப்போது தாங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து வைத்தேனே, நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்களே, அன்று விடிகாலை க்யிம்யிண்டைங் சந்தைக்கு நானே போய், படகிலிருந்து கூடை இறங்க இறங்கப் பொறுக்கி எடுத்த கொடுவா மீன் அது. தங்கள் தகப்பனார் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். இலையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். "மீன் நேத்து மீன் போல இருக்கே" என்றார். மெதுவாகச் சொன்னார் என்று ஜெயம்மா சொல்கிறாள். மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காதா? பெண்ணைப் பெற்றவன் பழைய மீனைப் போட்டுவிட்டான் என்று நாற்பது பேரும் நினைத்திருக்க மாட்டார்களா? அன்றோடு நிறுத்தினேன் பேச்சை.

இந்த நிலையில்தான் தாங்கள் எனக்கு ஒரு பரிசு அனுப்பினீர்கள். நான் ஓய்வு பெற்றதற்காகவாம். ஒரு நாள் முழுக்கப் படகில் போய், வழிகாட்டியோடு, கடலோரச் சதுப்பு ஓடைகளில் தூண்டில் போட்டுக் கொடுவா பிடிப்பது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் தண்ணீரைப் பார்த்தவனுக்கு ஓய்வு பெற்றதும் திரும்பத் தண்ணீரைக் காட்டுகிறார் மாப்பிள்ளை என்று முதலில் நினைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை. நல்லதாக ஒரு கொடுவா கிடைத்தால் அதைத் துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்து, குழம்பு வைத்து, ஒரு தூக்கில் ஊற்றித் தங்கள் தகப்பனார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஜெயம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். க்யிம்யிண்டைங் படித்துறைக்கு விடியும்போது போய்ச் சேர்ந்தேன். படகில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே, கன்னத்தில் வெயிலுக்குத் தனக்காச் சாந்து பூசிக்கொண்டு, தங்கள் தகப்பனார்.

அவருக்கும் தெரியாது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். அவருக்கும் அதே பரிசு போயிருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்காம். மாப்பிள்ளை, நான் கேட்கிறேன், இது என்ன வேலை? நான் திரும்பிப் போயிருப்பேன். ஆனால் நான் திரும்பினால், அவரைக் கண்டு பயந்து ஓடினான் என்று ஆகிவிடும். அவரும் இறங்கியிருப்பார். இறங்கினால் எனக்கு இடம் விட்டுப் போனார் என்று ஆகிவிடும். ஆக, இரண்டு பேரும் இறங்கவில்லை. அவர் முன்பலகையில் கிழக்கே பார்த்து, நான் பின்பலகையில் மேற்கே பார்த்து. படகு தெற்கே போனது.

வழிகாட்டி பெயர் ஆபித். முப்பது வயது இருக்கும், தமிழும் பர்மிய மொழியும் கலந்து பேசுகிறவர், நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினையே, பிறகு சொல்கிறேன். என்னை ஊலே, ஊலே என்று கூப்பிட்டார், மாமா என்ற மரியாதையில். அலையாத்தி மரங்களுக்கு நடுவில் ஒரு குறுகிய ஓடைக்குள் நுழைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு மூங்கில் கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். "ஊலே, இனிமே பேசக் கூடாது. பேச்சுச் சத்தம் கேட்டா மீனு ஓடிரும்" என்றார். மூன்று வருடமாகப் பேசாத இரண்டு பேரிடம் இதைச் சொல்கிறார். நான் சந்தையில் வாங்கிக் கொண்டுபோன உயிர் இறாலைக் காட்டினேன். வேண்டாம் என்றார். ரப்பரில் செய்த ஒரு இறாலைத் தூண்டிலில் மாட்டினார். அதற்குக் கண் வேறு வைத்திருக்கிறார்கள். தூண்டில் முள்ளைக் குறட்டால் நசுக்கி மழுங்கடித்தார். ஏன் என்றேன். மீனுக்கு வலிக்கக் கூடாதாம். பிறகு தங்கள் தகப்பனாரைப் பார்த்துக் குடையை மடக்கச் சொன்னார், நிழல் விழுந்தால் மீன் வராதாம். அவர் மடக்கவில்லை. நான் இருக்கிற படகில் அவர் குடையை மடக்குவாரா?

ஒன்பதரை மணிக்குப் படகின் மூக்கு சேற்றுத் திட்டில் ஏறி நின்றது. தண்ணீர் வற்றுகிற நேரம். ஆபித் கழியை ஊன்றித் தள்ளினார், நகரவில்லை. "ரெண்டு ஊலேயும் பின்பலகையில ஒண்ணா உக்காந்தீங்கன்னா மூக்கு தூக்கிக்கும், இறங்கிரலாம்" என்றார். நான் ஏற்கெனவே பின்பலகையில்தான் இருக்கிறேன். வர வேண்டியவர் அவர். அவர் வரவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டே, "அவரு கொஞ்சம் தள்ளி இடம் விட்டா வரலாம்" என்று ஆபித்திடம் சொன்னார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டே, "வர்றவரு கேட்டா தள்ளலாம்" என்று ஆபித்திடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நான் தள்ளவில்லை. பெரியவர்களை அதட்ட ஆபித்துக்கு அனாதே. சிங்கப்பூர் போய் அந்தச் சொல்லைத் தாங்கள் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். அடுத்தவர் மனம் நோகுமே என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது. இந்த ஊரில் பாதிக் காரியம் அதனால்தான் கெடுகிறது. கால் மணி நேரம் அவர் கையைப் பிசைந்தார். அதற்குள் ஓடையில் தண்ணீரே இல்லை. நாலு பக்கமும் சேறு. இறங்கிப் பார்த்த ஆபித் தொடை வரைக்கும் போய்விட்டார். மறுபடி வெள்ளம் ஏறும் வரை ஐந்து மணி நேரம் என்றார்.

ஐந்து மணி நேரம், மாப்பிள்ளை. வெயில். கொசு. நண்டுகள் கூட்டமாக வெளியே வந்து எங்களை வேடிக்கை பார்த்தன. பசி எடுத்ததும் என் பொட்டலத்தைத் திறந்தேன். வெறும் சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, ஒரு ஊறுகாய்த் துண்டுகூட இல்லை. ஜெயம்மா நாற்பது வருடமாகச் சோறு கட்டுகிறாள், இப்படி மறந்ததே கிடையாது. முன்பலகையில் தங்கள் தகப்பனார் தூக்கைத் திறந்தார். கோழிக் குழம்பு வாசம் வந்தது. தூக்கு முழுக்கக் குழம்பு. சோறு ஒரு பருக்கை இல்லை. அப்போதுதான் புரிந்தது, இது தங்கள் வேலை மட்டுமில்லை, தங்கள் அம்மாவும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து செய்த சதி. அவர்கள் நினைத்தது நடக்குமா? நான் வெறும் சோற்றைத் தண்ணீர் தெளித்து விழுங்கினேன். அவர் குழம்பை டீ மாதிரி குடித்தார். நடுவில் உட்கார்ந்த ஆபித் என்னிடம் சோறும் அவரிடம் குழம்பும் வாங்கிப் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டார். அன்றைக்கு அந்தப் படகில் புத்தி உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டரை மணிக்கு வெள்ளம் ஏறிப் படகு மிதந்தது. திரும்பலாம் என்றேன். "ஊலே, வெள்ளம் ஏறுறப்பதான் கொடுவா வரும், ஒரே ஒரு தடவை போடுங்க" என்றார் ஆபித். எரிச்சலில், எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் வீசினேன். ரப்பர் இறால் ஒரு அலையாத்தி வேருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் யாரோ என் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்த மாதிரி இருந்தது. தடி வில்லாக வளைந்துவிட்டது. மீன் ஒரு தடவை மேலே எழும்பிக் காற்றில் தலையை உதறியது, அந்த வாயில் என் தலையே போகும். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கடிதத்தில் எழுதக்கூடிய சொல்லாக இருந்திருக்காது. எழுந்து நின்றேன், கால் வழுக்கியது, தண்ணீருக்குள் தலைகுப்புறப் போக வேண்டியவனைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். தங்கள் தகப்பனார். முன்பலகையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. காலையில் வந்திருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பிடித்ததும் எதைப் பிடித்தார்? என் லோஞ்சியை. லோஞ்சியின் முடிச்சு எத்தனை பலம் என்று இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா? லோஞ்சி அவர் கையோடு போய்விட்டது. உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போகச் சொன்ன ஜெயம்மாவுக்கு அந்த ஒரு விஷயத்தில் நன்றி. பிறகு அவர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருபது நிமிடம். நான் மீனை இழுக்க, அவர் என்னை இழுக்க, ஆபித் படகை இழுக்க.

மீன் படகுக்குள் வந்தது. தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். வெள்ளி மாதிரி மினுமினுப்பு, கண் இரண்டும் சிவப்பாக எரிகிறது, வாலால் பலகையை அடிக்கிறது. செவுளுக்குள் கையை விட்டுத் தூக்கினேன். கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குழம்பில் பார்த்தபோது அது அறுத்ததில்லையே. ஆபித் சொல்லத்தான் வந்தாராம், பெரியவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அனாதே. கொஞ்சம் ரத்தம் வந்தது. அதை ரேவதியிடம் பெரிதுபடுத்திச் சொல்ல வேண்டாம்.

நான் ஆபித்திடம் சொன்னேன், "இந்த மீன் என் வீட்டுக்கு வரணும். இன்னிக்கே குழம்பு வைக்கணும். இவருக்கு இலை போட்டு உக்கார வச்சுப் பரிமாறணும். தின்னுட்டு எந்த நாளு மீன்னு இவரு வாயால சொல்லணும்." ஆபித் தலையைச் சொறிந்தார். இந்தப் பயணத்தில் மீனைப் பிடிக்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம், பிறகு ஆற்றில் விட்டுவிட வேண்டும், அதுதான் விதி என்றார். நான் கேட்கிறேன் மாப்பிள்ளை, மீனைப் பிடித்து ஆற்றிலேயே விடுவதற்கு என்னை எதற்கு அத்தனை தூரம் கூட்டிப் போக வேண்டும்? மீன் ஏற்கெனவே ஆற்றில்தானே இருந்தது? சண்டை போட்டேன். கெஞ்சினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபித் கொஞ்சம் இளகினார், கொடுத்துவிடுவார் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் தகப்பனார் செய்தார் பாருங்கள். மீனை என் கையிலிருந்து பறித்து, "தம்பி, இதை மொதல்ல தண்ணியில போடுங்க, படகைத் திருப்புங்க" என்றார். போட்டுவிட்டார்கள். என் மீன் ஒரு தடவை புரண்டது, போய்விட்டது. மூன்று வருடத்து அவமானத்தைத் துடைக்க வந்த மீன். துடிக்கத் துடிக்க இருந்தது, நேற்று மீன் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தச் சாட்சியைத்தான் அவர் ஆற்றில் போட்டார். வேண்டுமென்றே போட்டார் என்பது என் கருத்து.

ஆகவே என் முடிவை எழுதுகிறேன். அவரோடு ஒரே பாயில் நான் உட்கார மாட்டேன். நாலாந்தேதி யாரும் வர வேண்டாம். சிங்கப்பூரிலேயே காது குத்திக்கொள்ளுங்கள். போனில் படம் அனுப்பினால் போதும், கரண்ட் இருந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

பேத்தியை என் சார்பில் ஒரு தடவை உச்சி முகர்ந்து பாருங்கள். ரேவதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். தாங்கள் நீண்ட ஆயுளோடும் பதவி உயர்வோடும், இனிமேல் யாருக்கும் எந்தப் பரிசும் அனுப்பாமல், சகல சௌபாக்கியங்களும் பெற்று வாழ மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத, கோபமும் குறையாத
மாமனார் மாரிச்சாமி

பி.கு.: சுரேன், இது அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். மேலே இருப்பது முழுவதும் சம்பந்தி சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவருக்கு வலது கையில் ஒன்பது தையல். கட்டைவிரல் நரம்பு அறுந்துவிட்டது, ஆறு வாரம் அந்தக் கையை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜெயம்மா சம்பந்திக்குப் பர்மிய எழுத்துதான் தெரியும். அதனால் நேற்று எனக்கு ஆள் அனுப்பினார், "உங்களைத் திட்டி ஒரு கடிதாசு போடணும், வந்து எழுதிக் குடுங்க" என்று. வந்தேன். "கொஞ்சம் ரத்தம்" என்று அவர் சொன்னபோது அதை எழுத மாட்டேன் என்றேன். "நீங்க எழுதறவரு, நடுவுல பேசாதீங்க சம்பந்தி" என்றார். படகெல்லாம் ரத்தம், சுரேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கையைப் பார்த்தேன். அதனால்தான் மீனைத் தண்ணீரில் போடச் சொன்னேன்.

அந்த "நேத்து மீன்" சொன்னது நான்தான். அதை அவர் மூன்று வருடம் மனதில் வைத்திருந்தார் என்று இந்தக் கடிதம் எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பேசவில்லை, அதனால் நானும் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த விருந்து அன்று காலையில்தான் நீ சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு எதுவும் இறங்கவில்லை. மீன் நல்ல மீன்தான். பேனாவை வைத்துவிட்டு இதை அவரிடம் சொன்னேன். பேனாவை எடுத்து என் கையில் திரும்பக் கொடுத்தார். பிறகு, "இதையெல்லாம் கடிதாசுல சேக்காதீங்க, எனக்குக் கோவம் இன்னும் பாக்கி இருக்கு" என்றார். மேற்கொண்டு எழுதினேன்.

நாலாந்தேதி வர வேண்டாம் என்ற இடத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன், பார். மூன்று தடவை அடிக்கச் சொன்னார், மூன்று தடவை திரும்பச் சேர்க்கச் சொன்னார். நாலாவது தடவை அடிக்கச் சொல்ல வாயெடுத்தவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். இப்போது என்ன அவ்வளவு நேரமாக எழுதுகிறீர்கள் என்று அங்கிருந்தே கேட்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன். நீ டிக்கெட் எடுத்துவிடு. காது குத்தும்போது பிள்ளை வலியில் திமிறும். அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கைதான் இருக்கும். இன்னொரு கைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.